குருவிக்கும் காடைக்கும் விதைக்க எந்தக் கருவி? டெல்டா வயல்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வயலில் ஒரு மூலையைப் பறவைகளுக்கென்று விதைத்து விடலாம் என்று பேச்செடுத்தால், முதலில் "எதுக்கு?" என்று கேட்பார்கள். அடுத்து "எதை வெச்சு விதைக்கிறது?" என்பார்கள். எங்கள் வயல் வடுவூருக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் இருக்கிறது. சில வருடங்களாக ஐந்து சென்ட் இடத்தை இதற்கென்றே விட்டு வருகிறோம். பார்த்தவர்கள், வந்தவர்கள், போனில் கேட்டவர்கள் எழுப்பிய கேள்விகளைப் பதிலோடு இங்கே எழுதியிருக்கிறேன்.

பறவைக்கென்று தனியாக விதைப்பதா? இது எங்கிருந்து வந்த பழக்கம்?

அமெரிக்காவில் மானும் காட்டு வான்கோழியும் வந்து மேய்வதற்கென்றே சிறு துண்டு நிலங்களில் க்ளோவர், ஓட்ஸ், டர்னிப் போன்றவற்றை விதைப்பார்கள். பெரும்பாலும் வேட்டைக்குப் போகிறவர்கள் செய்வது. அதற்கென்றே சின்ன விதைப்புக் கருவிகளும் அங்கே விற்பனையில் உண்டு. நம் நோக்கம் அது இல்லை. இங்கே 1972-ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இரை போட்டு வரவழைத்துப் பிடிப்பதும் அந்தச் சட்டப்படி வேட்டைதான். நாம் விதைப்பது தின்றுவிட்டுப் பறந்து போவதற்காக மட்டும்.

இது நமக்குப் புதிதும் இல்லை. முதல் கதிரைக் குஞ்சமாகக் கட்டித் தாழ்வாரத்தில் தொங்கவிட்ட வீடுகள் டெல்டாவில் நிறைய இருந்தன. குருவி வந்து கொத்தி, வாசலெல்லாம் உமியாகக் கிடக்கும். ஓட்டு வீடு போய் மாடி வீடு வந்ததும் குஞ்சம் கட்ட இடமில்லாமல் போயிற்று. அதை வயலுக்குக் கொண்டுபோகிறோம், அவ்வளவுதான்.

எந்தெந்தப் பறவைக்கு இது பயன்படும்? வடுவூர் ஏரிக்கு வரும் நாரைகளுக்கும் ஆகுமா?

ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நாரை, கொக்கு, அரிவாள்மூக்கன் எல்லாம் மீன், தவளை, நத்தை, பூச்சி தின்பவை. அவற்றுக்குத் தினை விதைத்துப் பலன் இல்லை. அவற்றுக்கு வேண்டியது தண்ணீர் நிற்கிற வயல். கேஜ் வீல் என்ற இரும்புச் சக்கரம் மாட்டிய டிராக்டர் சேடை ஓட்டி வயலைச் சேறாக்கும்போது பின்னாலேயே வெள்ளை வெள்ளையாக நடந்து வருமே, அதுதான் அவற்றின் பந்தி.

விதைப்பது தானியம் தின்னும் பறவைகளுக்கு. சிட்டுக்குருவி, தூக்கணாங்குருவி, சில்லை, புறா, காடை, கவுதாரி. குளிர்காலத்தில் வரும் ஊசிவால் வாத்து மாதிரி சிலவும் தானியம் தின்னும். இன்னொரு விஷயம், சிட்டுக்குருவியும் தூக்கணாங்குருவியும் பெரிதான பிறகு தானியம் தின்றாலும், குஞ்சுக்கு ஊட்டுவது பூச்சியும் புழுவும்தான். அதனால் விதைத்த இடத்தில் பூச்சிமருந்து அடித்தால் பாதி வேலையை நாமே கெடுத்துக்கொள்கிறோம்.

எவ்வளவு இடம் வேண்டும்?

மூன்று சென்ட் இருந்தாலே ஆரம்பிக்கலாம். ஒரு மா நிலம் ஏறக்குறைய 33 சென்ட். அதில் ஒரு கோடியில் ஐந்து சென்ட் விட்டால் தாராளம். அந்த ஐந்து சென்ட் சுமார் 200 சதுர மீட்டர். கீழே சொல்லும் கணக்கெல்லாம் இந்த 200 சதுர மீட்டருக்குத்தான்.

நல்ல நிலத்தை விட வேண்டாம். மரநிழல் விழுந்து நெல் சரியாக வராத ஓரம், டிராக்டர் திரும்ப முடியாத முக்கு, மண் கொட்டி மேடான இடம், இவை போதும். பக்கத்தில் ஒரு பனையோ கருவேலமோ புதரோ இருந்தால் இன்னும் நல்லது. வல்லூறு வந்தால் சின்னப் பறவை பறந்து ஒளிய ஓர் இடம் வேண்டுமே.

முதலில் கருவி வாங்கவா, பயிரை முடிவு பண்ணவா?

இரண்டும் இல்லை. முதலில் மண்ணைப் பாருங்கள், அப்புறம் மாதத்தைப் பாருங்கள். டெல்டாவில் கருவியைத் தேர்ந்தெடுப்பது மண்ணின் பதம்தான். கடையில் எவ்வளவு நல்ல கருவியாக இருந்தாலும், நம் களிமண்ணில் ஈரம் ஒரு பிடி கூடினால் ஒட்டிக்கொள்ளும், ஒரு பிடி குறைந்தால் கட்டியில் துள்ளும். இது தெரியாமல் வாங்கிய கருவிதான் பல வீட்டில் மாட்டுக்கொட்டகைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது.

காவிரியும் வெண்ணாறும் பாயும் பழைய டெல்டாவில் நமக்குக் கிடைக்கும் பட்டம் இரண்டு. ஒன்று, தை மாதம் சம்பா, தாளடி அறுவடைக்குச் சற்று முன்னால். வயலில் மிச்சமிருக்கும் ஈரத்திலேயே உளுந்தும் பச்சைப்பயறும் வந்துவிடும். இதற்கு இயந்திரமே தேவையில்லை.

இரண்டாவது, சித்திரை வைகாசியில் ஒரு கோடை மழை பெய்த பிறகு. அப்போது தினை, குதிரைவாலி, கம்பு, எள் போடலாம். தினைக்கு 80 முதல் 90 நாள் ஆகும். ஆனால் மேட்டூர் வழக்கம்போல் ஜூன் 12 அன்று திறந்தால், குறுவை போடும் வயலில் அதற்குள் வேலை தொடங்கிவிடும். ஆகவே கோடைப் பட்டம் என்பது ஒருபோகம் சம்பா மட்டும் போடுகிற வயலுக்கோ, தண்ணீர் ஏறாத மேட்டுக்கோதான் சரி. சித்திரைக் கடைசியில் போட்டால் ஆடியில் கதிர் முற்றிவிடும், சம்பாவுக்கும் இடைஞ்சல் இல்லை. தண்ணீர் கொஞ்சம் தேங்கும் என்று சந்தேகமிருந்தால் குதிரைவாலியைப் போடுங்கள். சிறுதானியங்களில் ஈரத்தை ஓரளவு தாங்குவது அது.

தை மாதத்து உளுந்துக்கு என்ன கருவி?

உங்கள் கை. ஒரு முறம், இல்லாவிட்டால் மடியில் கட்டிய துண்டு. அவ்வளவுதான்.

நெல் அறுவடைக்கு 7 முதல் 10 நாளுக்கு முன்னால், நிற்கிற பயிருக்குள்ளேயே விதையை வீசுவது நம் பக்கத்து வழக்கம். மண் மெழுகு பதத்தில் இருக்க வேண்டும். அதைப் பார்க்கும் முறை இது. வரப்பிலிருந்து இறங்கி வயலுக்குள் நாலடி வையுங்கள். தடம் பதிய வேண்டும், ஆனால் தடத்துக்குள் தண்ணீர் ஊறக் கூடாது. குனிந்து ஒரு விரல் மண்ணைக் கிள்ளி உருட்டுங்கள். மெழுகு மாதிரி வழுவழுவென்று உருண்டையாக வரும், விரலைப் பிரித்தால் ஒட்டாமல் விழும். அன்றைக்கே விதைத்துவிட வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்றால் வெயில் ஏறி, பதம் போய்விடும். சேறாக இருக்கும்போதே அவசரப்பட்டு வீசினால் விதை ஊறி அழுகும்.

வயல் முழுக்க வீசும்போது ஏக்கருக்கு 10 முதல் 12 கிலோ போடுவார்கள். ஐந்து சென்டுக்கு அரை கிலோ முதல் 600 கிராம் வரை ஆகிறது. ஆடுதுறை 3 போன்ற நெல் தரிசுக்கேற்ற உளுந்து ரகங்கள் 70, 75 நாளில் முற்றும்.

இதில் கருவி என்று ஒன்று இருந்தால் அது அறுவடை மெஷின். பலர் இதை யோசிப்பதில்லை. நீங்கள் விதைத்த உளுந்து முளைத்து இரண்டு இலை விட்டிருக்கும் நேரத்தில் மெஷின் உள்ளே இறங்குகிறது. டயர் வண்டி என்றால் ஈர வயலில் பள்ளம் பறித்துக்கொண்டு போகும். அந்தத் தடத்தில் ஒரு செடி மிஞ்சாது. பெல்ட் வண்டி என்றால் பாரம் பரந்து இறங்குவதால் செடி மடங்கினாலும் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். வண்டிக்காரரிடம் முதலிலேயே சொல்லி, பறவைக்கு விட்ட மூலையில் வண்டியைத் திருப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வண்டி திரும்பும் இடத்தில்தான் சேதம் அதிகம். அந்த மூலையை மட்டும் கையால் அறுத்துவிட்டால் வம்பே இல்லை. அறுக்காமல் இரண்டு சென்ட் நெல்லை அப்படியே விட்டாலும் சரி, சில்லைக் கூட்டத்துக்கு அதைவிட விருப்பமான சாப்பாடு வேறில்லை.

சிறு விதையைக் கையால் வீசினால் ஒரு பக்கம் குவிகிறது, ஒரு பக்கம் வெறுமையாக இருக்கிறது. என்ன செய்வது?

தினை, சாமை, எள் எல்லாவற்றுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. ஐந்து சென்டுக்குத் தினை 200 கிராம்தான். இரண்டு கைப்பிடிச் சொச்சம். அதை அப்படியே வீசினால் பாதி நிலத்துக்குள் தீர்ந்துவிடும். நாலைந்து படி காய்ந்த ஆற்று மணலோடு கலந்துகொள்ளுங்கள். கலந்ததை இரண்டு பங்காகப் பிரியுங்கள். ஒரு பங்கைத் தெற்கு வடக்காக நடந்து வீசுங்கள், மற்றதைக் கிழக்கு மேற்காக. முதல் நடையில் விட்டுப்போனதை இரண்டாவது நடை நிரப்பிவிடும். காற்று விழுந்த அதிகாலையில் செய்வது நல்லது.

வரிசையாக வேண்டும் என்றால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். ஆணியைச் சுட்டு மூடியில் ஒரு ஓட்டை போடுங்கள். தினை என்றால் இரண்டு விதை சேர்ந்து நுழைகிற அளவு. பாட்டிலில் காய்ந்த விதையைப் பாதி மட்டும் நிரப்பி, மண்வெட்டி முனையால் கோடு கிழித்து, கோட்டின் மேல் கவிழ்த்து ஆட்டிக்கொண்டே நடந்தால் சீராக விழும். ஈர விதை அடைத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே இப்படித்தான் முழு எள்ளையும் விதைத்து முடித்தார்கள்.

தோளில் மாட்டிக் கையால் சுற்றும் விதைப்பான் எப்படி?

பை ஒன்று, அடியில் திறப்பு, கைப்பிடியைச் சுற்றினால் தட்டு சுழன்று விதையை வீசும். அரை ஏக்கருக்கு மேல் இருந்தால் நல்ல கருவி. தக்கைப்பூண்டு, சணப்பு போன்ற பசுந்தாள் உரப் பயிர் விதைக்கவும் உதவும். ஐந்து சென்டுக்கு இது அதிகம். வீச்சு அகலமாக இருப்பதால் விதை வரப்பைத் தாண்டிப் பக்கத்து வயலில் விழும், அப்புறம் அங்கே களையென்று பேச்சு வரும்.

தள்ளிக்கொண்டே போகும் ஒற்றை வரிசை விதைப்பான் வாங்கலாமா?

வாங்கலாம், வகை பார்த்து வாங்குங்கள். சந்தையில் இரண்டு வகை கிடைக்கிறது.

ஒன்று, வட்டச் சக்கரத்தைச் சுற்றிப் பறவை அலகு போலத் திறந்து மூடும் வாய்கள் உள்ளது. ஒவ்வொரு வாயும் மண்ணில் குத்தி, திறந்து, விதையைப் போட்டுவிட்டு மூடிக்கொள்ளும். மக்காச்சோளம், நிலக்கடலை, உளுந்து போன்ற பருத்த விதைக்கு இது அருமை. தினைக்கு ஆகாது. நாலைந்து செ.மீ. ஆழத்தில் போய்விழும், தினை அங்கிருந்து மேலே வராது. இதை நான் ஒரு தடவை மழை பெய்த மறுநாள் களிமண்ணில் தள்ளிப் பார்த்தேன். பத்தடி போவதற்குள் எல்லா அலகிலும் களிமண் அப்பிக்கொண்டது. சக்கரம் சுற்றுகிறது, விதை உள்ளே கடகடவென்று சத்தம் போடுகிறது, வெளியே ஒன்றுகூட விழவில்லை. அதைக் கவனிக்காமல் நாலு வரிசை ஓட்டியிருந்தேன். ஒரு குச்சியால் ஒவ்வொரு வாயாகக் குடைந்து எடுத்து, இரண்டு நாள் கழித்து மேல்மண் வெளுத்த பிறகு மறுபடி ஓட்டியபோது ஒழுங்காக விழுந்தது. ஆகவே தள்ளும்போது பின்னால் ஓர் ஆள் வந்து, விதை விழுகிறதா என்று மண்ணைக் கிளறிப் பார்க்கட்டும்.

இன்னொன்று, முன்னால் ஒரு சக்கரம், நடுவில் குழியுள்ள உருளை, அடியில் கோடு கிழிக்கும் கொழு, பின்னால் மண்ணைத் தள்ளி மூடும் சங்கிலி என்று இருப்பது. உருளையை மாற்றி மாற்றிப் போட்டால் எள்ளிலிருந்து சோளம் வரை விதைக்கலாம். எங்களிடம் இருப்பது இதுதான். ஒரே ஒரு கருவிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் இதைச் சொல்வேன். வாங்கும்போது மிகச் சிறிய குழி உருளை கூட வருகிறதா, கொழுவின் ஆழத்தை ஒரு செ.மீ. வரை ஏற்ற முடிகிறதா என்று கடையிலேயே கழற்றி மாட்டிப் பாருங்கள். சில மாடலில் ஆழத்தை இரண்டரை செ.மீட்டருக்குக் கீழே குறைக்க முடிவதில்லை.

எவ்வளவு விதை விழுகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இதற்கு ஒரு காலைப் பொழுதை ஒதுக்குங்கள். விதைப்பதை விட இது முக்கியம்.

சக்கரத்தைச் சுற்றி ஒரு நூல் கட்டி அளந்துகொள்ளுங்கள். சுற்றளவு 110 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்தில் ஓரிடத்தில் சுண்ணாம்பால் அடையாளம் வையுங்கள். கருவியைத் தூக்கி நிறுத்தி, விதை விழும் வாயில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டி, சக்கரத்தைக் கையால் 30 சுற்று சுற்றுங்கள். 30 சுற்று என்றால் 33 மீட்டர் தூரம். வரிசைக்கு வரிசை 30 செ.மீ. விட்டால் அது சுமார் 10 சதுர மீட்டர். தினைக்கு ஏக்கருக்கு 4 கிலோ, அதாவது சதுர மீட்டருக்கு ஒரு கிராம். ஆகவே பையில் 10 கிராம் விழுந்திருக்க வேண்டும். சமையல்கட்டில் இருக்கும் சின்ன மின்தராசில் நிறுத்துப் பார்க்கலாம். 20 கிராம் விழுந்தால் சிறிய குழி உருளைக்கு மாறுங்கள். இல்லாவிட்டால் ஒன்றுவிட்டு ஒரு குழியைச் செல்லோ டேப் ஒட்டி அடையுங்கள்.

கம்புக்கு இதில் பாதி போதும், ஏக்கருக்கு 2 கிலோதான். உளுந்துக்குத் தனியாக வரிசையில் விதைத்தால் ஏக்கருக்கு 8 கிலோ.

நெல்லுக்கு வாங்கின டிரம் சீடர் சும்மா கிடக்கிறது. அதில் தினை, கம்பு போடலாமா?

போட முடியாது. நான்கு டிரம், எட்டு வரிசை, 20 செ.மீ. இடைவெளி என்று நாம் இழுக்கும் அந்தக் கருவி, ஊற வைத்து முளை கட்டிய நெல்லுக்காகச் செய்தது. அதன் துளை அந்த அளவுக்கு. தினையைப் போட்டால் வரப்பு ஏறுமுன் டிரம் காலியாகிவிடும். அதுவும் சேற்றில் இழுப்பதற்கானது. தினைக்குச் சேறு ஆகாது.

ஆனால் பறவைக்கு நெல்லே விதைப்பதானால் இதைவிடச் சுலபம் வேறில்லை. முளை நீளமாக வளரவிடாதீர்கள், ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு துளையை அடைக்கும். டிரம்மில் மூன்றில் இரண்டு பங்குதான் நிரப்ப வேண்டும். முழுக்க நிரப்பினால் உள்ளே விதை புரள இடமில்லை. வயலில் தண்ணீரை வடித்துவிட்டு இழுங்கள்.

டிராக்டரில் மாட்டும் விதைப்புக் கருவி, உழாமலே விதைக்கும் கருவி இதெல்லாம்?

ஐந்து சென்டுக்கு இவற்றைக் கொண்டுவருவது நியாயமில்லை. திரும்பவே இடம் போதாது. ஊரில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு வாய்க்கால் ஓரமாகவோ, கோவில் நிலத்தில் அனுமதி வாங்கியோ ஓர் ஏக்கர் விதைக்கிறீர்கள் என்றால் அப்போது யோசிக்கலாம். உழாமல் விதைக்கும் கருவியின் குறுகிய கொழு, தாளுக்கு நடுவில் ஒரு கீறல் மட்டும் போட்டு அதற்குள் விதையை இறக்கும். ஈரம் வெளியேறாது. அறுவடையான வயலில் இது நல்ல வேலை செய்யும், டிராக்டரின் பாரத்தை மண் தாங்குமளவு காய்ந்த பிறகு. களிமண்ணில் அந்தப் பதம் சில நாள்தான் இருக்கும். அதற்குள் வண்டி கிடைக்க வேண்டும்.

விதைத்துவிட்டு ரொட்டவேட்டர் ஒரு ஓட்டு ஓட்டினால் மூடிவிடாதா?

மூடிவிடும், மேலே வராத அளவுக்கு மூடிவிடும். ரொட்டவேட்டர் மண்ணைப் பத்து செ.மீ. புரட்டும். எள்ளும் தினையும் ஒரு செ.மீ., மிஞ்சினால் இரண்டு செ.மீ. ஆழத்துக்குள் இருக்க வேண்டியவை. விதையின் பருமனைப் போல் இரண்டு மூன்று மடங்கு ஆழம் என்பது மனதில் நிற்கிற கணக்கு. உளுந்து மூன்று செ.மீ. வரை தாங்கும், சோளமும் அப்படியே.

முதலில் உழுது கட்டியை உடைத்துவிடுங்கள். பவர் டில்லர் போதும். அப்புறம் விதையுங்கள். கடைசியாக மூடுவதற்கு நம் ஊர் முறை ஒன்று இருக்கிறது. நல்ல கிளை விரிந்த முள் படலை வெட்டி, அடிப்பாகத்தைக் கயிற்றில் கட்டி, மேலே ஒரு சின்ன மரக்கட்டை வைத்து இழுங்கள். சின்னச் சின்ன முள்ளும் ஆயிரம் சீப்புப் பல் மாதிரி மேல்மண்ணைக் கோதிக்கொண்டே போகும். மண்ணைச் சமன்படுத்தும் பரம்புப் பலகையைக் களிமண்ணில் சிறு விதைக்கு மேல் இழுக்காதீர்கள். இறுகி, அடுத்த மழையில் ஓடாகப் படிந்துவிடும். முளை முட்டிப் பார்த்துவிட்டு உள்ளேயே சாகும்.

கோடையில் இன்னொன்றையும் கவனியுங்கள். நம் களி வெடிப்பு விடும். அந்த வெடிப்பின் மேல் விதையை வீசினால் பாதி விதை முழங்கை ஆழத்துக்கு உள்ளே போய்விடும். உழுது வெடிப்பை மூடாமல் விதைக்கவே கூடாது.

கடையில் வாங்கும் விதை நிறம் பூசி இருக்கிறது. அதையே போடலாமா?

வேண்டாம். இந்தக் கேள்விக்கு மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

இளஞ்சிவப்பு, நீலம், பச்சை என்று நிறம் பூசிய விதையில் பூஞ்சணக் கொல்லியோ பூச்சிக்கொல்லியோ கலந்திருக்கும். இமிடாகுளோப்ரிட் போன்ற மருந்து பூசிய விதையைச் சில எண்ணிக்கையில் தின்றாலே சின்னப் பறவை செத்துப்போகும். பறவையை வரவழைக்கும் இடத்தில் நாமே விஷத்தை வைத்தது போலாகும். மேலே வீசி விதைக்கும்போது ஆபத்து இன்னும் அதிகம், விதை கண்ணுக்குத் தெரிகிறபடி கிடக்கிறதே.

நாட்டு விதை வைத்திருப்பவரிடம் வாங்குங்கள், அல்லது மருந்து பூசாத விதை என்று கேட்டு வாங்குங்கள். பயறு வகைக்கு ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து பூசி நிழலில் உலர்த்தினால் போதும். விதைப்பானை இரவல் வாங்கினாலும், முந்தினவர் மருந்து விதை போட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். பெட்டியின் மூலையில் எப்போதும் ஒரு பிடி தங்கியிருக்கும். கவிழ்த்துத் தட்டி, தூரிகையால் துடைத்து, அந்த விதையைக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். பொதுவாகவே, மருந்து பூசிய விதையை மற்ற வயலில் போடும்போதும் கருவி திரும்பும் இடத்தில் சிந்தியதை மண் தள்ளி மூடுவதை ஒரு பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் நிலம் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம். மண் வேறு. இதே கருவிதானா?

கல்லணைக் கால்வாய் பாயும் புது டெல்டாவில் மண் இலகு. உங்களுக்கு வேலை சுலபம். தள்ளு விதைப்பான் மழைக்கு மறுநாளே ஓடும், ஒட்டாது. ஆடிப் பட்டத்திலும் மானாவாரி மேட்டில் கம்பு, சாமை போடலாம். ஒன்று மட்டும், மேல்மண் சீக்கிரம் காயும். அதனால் ஆழத்தை அரை செ.மீ. கூட்டி, விதைத்த வரிசையைக் காலால் மிதித்துக்கொண்டே வாருங்கள். களிமண்ணில் மிதிக்கக் கூடாது, மணலில் மிதிக்க வேண்டும். வேதாரண்யம் பக்கத்து மணலுக்கும் இதேதான்.

கோடியக்கரையில் வெளிமானுக்கு, ஏரிக்கரையில் பறவைக்கு என்று விதைத்துவிட்டு வரலாமா?

சரணாலயத்துக்குள் எதையும் விதைக்கக் கூடாது. கோடியக்கரை 1967 முதல் சரணாலயம். வெளிமானுக்கு வேண்டிய புல் அங்கே தானாக முளைக்கிறது. அங்கே தொந்தரவே, வெளியிலிருந்து வந்த சீமைக்கருவேல் பரவியதுதான். நம் பங்குக்கு இன்னொரு விதையைக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டாம். வடுவூர் ஏரியும் 1999 முதல் பறவைகள் சரணாலயம், 2022-இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. அதன் கரையும் அப்படியே. நம் பட்டா நிலத்தில் செய்வதோடு நிறுத்திக்கொள்வோம்.

எலி பெருகாதா? மயில் வந்தால் அக்கம்பக்கத்தில் சண்டை வராதா?

இரண்டும் நியாயமான பயம். எலிக்கு, விதைத்த இடத்தின் ஓரத்தில் இரண்டு உயரமான கம்பு நட்டு, குறுக்கே ஒரு குச்சி கட்டுங்கள். இரவில் கூகையும் ஆந்தையும் உட்கார்ந்து எலி பிடிக்கும், பகலில் கரிச்சான் உட்கார்ந்து பூச்சி பிடிக்கும். வரப்பை ஒல்லியாக வெட்டி வைத்தால் வளை தோண்ட இடமிருக்காது. மீறிப் பெருகினால் நம் தஞ்சாவூர்க் கிட்டி என்ற எலிப்பொறிதான் வைக்க வேண்டும். எலிமருந்து வைக்காதீர்கள். அந்த எலியைத் தின்னும் கூகையும் சாகும்.

மயிலுக்கு, இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. பக்கத்து வயல் நாற்றங்காலை ஒட்டியோ, காய்கறித் தோட்டத்தை ஒட்டியோ விதைக்காதீர்கள். எங்களுக்கு வடவண்டை வயல்காரர் வந்து, "ஏன் தம்பி, உன் தினைக்கு வர்ற மயில் என் நாத்தைக் கிளறாம போவுமா?" என்று கேட்டார். சரியான கேள்வி. அடுத்த வருடம் இடத்தைத் தென்கோடிக்கு, கருவேல மரத்தடிக்கு மாற்றிவிட்டோம். அதற்குப் பிறகு அவரே ஒரு படி குதிரைவாலி விதை கொடுத்தார்.

எல்லாம் சரி, எதை வாங்கலாம், எதை வாடகைக்கு எடுக்கலாம்?

சொந்தமாக: மண்வெட்டி, கயிறு, முள் படல், பாட்டில், முடிந்தால் உருளை வகைத் தள்ளு விதைப்பான். வாடகைக்கு: பவர் டில்லர். வேளாண் பொறியியல் துறை இயந்திரங்களை மணிக்கணக்கு வாடகைக்கு விடுகிறது, உழவன் செயலியில் பார்க்கலாம். விதைப்புக் கருவிகளுக்கு மானியமும் உண்டு. விண்ணப்பித்து அனுமதி வந்த பிறகே வாங்குங்கள். முதலில் வாங்கிவிட்டு ரசீதோடு போய் நின்றால் கிடைக்காது.

நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கருவி வாங்குவதுதான் எனக்குப் பிடித்த வழி. ஐந்து சென்ட் விதைக்க ஒரு மணி நேரம்கூட ஆகாது. மிச்சமுள்ள 364 நாளும் அது ஏன் ஒரே வீட்டில் தூங்க வேண்டும்?

கதிர் முற்றிய பிறகு அறுக்கலாமா?

அறுக்காதீர்கள், சாய்க்கவும் வேண்டாம். நிற்கிற கதிரில் சில்லையும் தூக்கணாங்குருவியும் தொற்றிக்கொண்டு தின்னும். உதிர்ந்ததைக் காடையும் புறாவும் தரையில் பொறுக்கும். தினைத்தாளுக்கு நடுவில் குனிந்து பார்த்தால் உமி ஒரு வட்டமாக உதிர்ந்து, நடுவில் காடையின் கால் தடம் கோலம் மாதிரி கிடக்கும். தாள் சாய்ந்து கருத்த பிறகு, சம்பாவுக்கு உழும் அன்றைக்கு அப்படியே மடக்கி உழுதுவிடலாம். உழுவதற்கு முன் ஒருமுறை உள்ளே நடந்து பாருங்கள். காடை தரையில்தான் முட்டையிடும். கூடு இருந்தால் அந்த நாலடியை விட்டுவிட்டு ஓட்டச் சொல்லுங்கள்.